வெண்ணெய் என்ன செய்தது, பாய்?

பாய்,

இன்று காலை எதிர் ஃப்ளாட்டில் காலிஃப்ளவரை வேகவைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் அந்த வாடை மாடிப்படி முழுக்க நின்றிருந்தது. கல்லூரிக்குக் கிளம்பியவன், கையில் வண்டிச் சாவியோடு அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த சுதா, "என்ன, எதையாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அவளும் ஒரு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் புரிந்திருக்கும்.

போனவர்களின் நினைவு மற்றவர்களுக்கு எதில் எதிலோ வரும். பூவில் வரும், சாம்பிராணியில் வரும். எனக்கு நீங்கள் வெந்த காலிஃப்ளவரில் வருகிறீர்கள். இதை உங்களிடம் நேரில் சொல்லியிருந்தால், "இன்னா சார், அத்தர் கித்தர்னு ஏதாவது சொல்லக் கூடாதா?" என்று சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளில் எனக்குத் தெளிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். தெளியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததும், நீங்கள் போன பிறகு இர்ஃபானுக்கு நடந்ததும் என் தலைக்குள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று இறுகுகிறது. வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது அடையாறு பக்கத்து ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில். என் மகள் நிலாவுக்கு அப்போது ஆறு வயது. நின்றுகொண்டிருப்பவள் திடீரென்று தலை தொங்கி அப்படியே தரையில் விழுவாள். நெற்றியில் எப்போதும் ஒரு காயம் ஆறிக்கொண்டிருக்கும், பக்கத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கும். வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட் போட்டுத்தான் நடப்பாள். உங்கள் மகன் இர்ஃபான் அவளைவிட ஒரு வயது பெரியவன். தூங்கி எழுந்ததும் அவனுக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுக்கும். நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்கும். இரண்டு பேருக்கும் மருந்துக்கு மேல் மருந்து மாற்றிப் பார்த்தாகிவிட்டது. எதற்கும் அடங்கவில்லை. கடைசியில்தான் டாக்டரம்மா கீட்டோஜெனிக் டயட் முயற்சி செய்யலாம் என்றார். சோறு, இட்லி, பழம், சர்க்கரை எல்லாவற்றையும் ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும். வெண்ணெய், எண்ணெய், முட்டை, பனீர், தேங்காய் இவைதான் சாப்பாடு. அதுவும் நம் இஷ்டத்துக்கு இல்லை. ஒவ்வொரு வேளைக்கும் டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தபடி கிராம் கணக்கில் நிறுத்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஊட்ட வேண்டும். தொடங்கும்போது சில நாள் வார்டிலேயே இருந்தாக வேண்டும்.

அந்த வார்டில் எல்லாக் கட்டிலுக்குப் பக்கத்திலும் அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாக்கள் என்று நாம் இரண்டு பேர்தான். சுதாவுக்கு வங்கியில் லீவு முடிந்துவிட்டது. பாபிக்கு உங்கள் சின்னப் பெண் பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. (உங்கள் மனைவியை நீங்கள் அறிமுகப்படுத்தியபோதே "பாபின்னு கூப்டுங்க சார், எங்க பாஷைல அண்ணின்னு அர்த்தம்" என்றீர்கள். இன்றும் எனக்கு அவர் பாபிதான்.) நீங்கள் நிலாவின் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "பாப்பா கிரிக்கெட் ஆடப் போவுதா?" என்று கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நிலா சிரித்துவிட்டாள். அவள் சிரித்த பிறகு நான் எப்படிக் கோபப்படுவது?

நான் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன் என்று தெரிந்ததும் உங்கள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டீர்கள்.

"சார், சோறே இல்லாம மூள எப்டி ஓடும்? அத்த கொஞ்சம் சொல்லுங்க."

"உடம்பு மாவுச்சத்தை எரிக்கிறதுக்குப் பதிலா கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அப்ப கீட்டோன்னு ஒண்ணு உண்டாகும். மூளை அதை எடுத்துக்கிட்டு வேலை செய்யும்."

"செரி. அதனால ஃபிட்ஸ் எப்டி கொறையும்?"

"அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது."

"டாக்டரம்மாவுக்கு?"

"அவங்களுக்கும்தான்."

நீங்கள் கொஞ்ச நேரம் இர்ஃபானின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே யோசித்தீர்கள். "அப்ப நீங்க, நானு, டாக்டரம்மா எல்லாரும் ஒரே கிளாஸ்ல கீறோம்" என்றீர்கள்.

வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு ஆறுதலாக ஒன்றைச் சொன்னதில்லை. ஏன் அது ஆறுதலாக இருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்கள் வீட்டில் முட்டை வாங்கியதே இல்லை. டயட்டீஷியன் முட்டை இருந்தால் சுலபம் என்றார். சுதா யோசிக்காமல் சரி என்றுவிட்டாள். ஆனால் வாங்கி வந்து மேடையில் வைத்த பிறகு இரண்டு பேருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் உங்களுக்குப் போன் செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ராயப்பேட்டையிலிருந்து இர்ஃபானைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் மந்தைவெளிக்கு வந்தீர்கள். நான் முட்டையைத் தட்டினேன். பாதி கிண்ணத்திலும் பாதி என் சட்டையிலும் விழுந்தது. "காலேஜ்ல ஆசிட்ட இப்டித்தான் ஊத்துவீங்களா?" என்றீர்கள். சுதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் சமையல். ஒரு வாரம் எங்கள் வீடு, ஒரு வாரம் உங்கள் வீடு. காலிஃப்ளவரைத் துருவி, வேகவைத்து, பிழிந்து, வெண்ணெய் விட்டுக் கிளறினால் சோறு மாதிரி இருக்கும் என்று நாமே நம்மை நம்பவைத்தோம். பாதாம் மாவில் தோசை வார்த்தோம், அது கல்லைவிட்டு எழுந்திருக்க மறுத்தது. பனீரை நெய்யில் பொரித்து அதற்கு இர்ஃபான் 'பட்டன்' என்று பெயர் வைத்தான். தி.நகரில் உங்கள் தையல் சாமான் கடையில் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும் பட்டன்கள்தான் அவனுக்கு விளையாட்டுப் பொருள். தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெயைக்கூட வழித்து அவன் வாயில் வைப்பீர்கள். அவன் முகத்தைத் திருப்பினால் நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுவீர்கள்.

முதலில் ஒரு வாய்தான். பிறகு ராத்திரிச் சாப்பாட்டில் அவனுக்கு என்னவோ அதையே நீங்களும் சாப்பிடத் தொடங்கினீர்கள். பாபி வீட்டில் எல்லோருக்கும் சப்பாத்தி போடுவார். நீங்கள் இர்ஃபானோடு தனியாக உட்கார்ந்து முட்டையும் வெண்ணெயும் சாப்பிடுவீர்கள். "கொழந்த தனியா சாப்ட்டா அதுக்கு தண்டன மாதிரி கீது சார். ரெண்டு பேரு சாப்ட்டா அது சாப்பாடு" என்றீர்கள். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. இதை நான் பின்னால் பலமுறை நினைத்துப் பார்க்கும்படி ஆகும் என்று அப்போது தோன்றவில்லை.

நிலாவுக்கு முதல் சில வாரம் நன்றாகக் குறைந்தது. சுதா ஹெல்மெட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடலாமா என்று கேட்கும் அளவுக்கு. பிறகு மெல்ல மெல்லப் பழையபடி ஆகிவிட்டது. கொழுப்பின் அளவை ஏற்றினார்கள், கொஞ்சம் இறக்கினார்கள், நேரத்தை மாற்றினார்கள். அவள் வாந்தி எடுத்தாள், மலச்சிக்கலில் அழுதாள், மெலிந்தாள். விழுவது மட்டும் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது குறைந்தது. கடையில் ஆள் இல்லை என்றீர்கள். உறவில் கல்யாணம் என்றீர்கள். போன் செய்தால் நிலாவைப் பற்றியே கேட்பீர்கள். இர்ஃபானைப் பற்றி நான் கேட்டால், "கீறான் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள்.

நான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். அவனுக்கும் வேலை செய்யவில்லை, அதைச் சொல்ல மனம் வரவில்லை என்று நினைத்தேன். ஒருநாள் டயட்டீஷியன் பேச்சுவாக்கில், "இர்ஃபானுக்கு ஃபிட்ஸ் வந்தே ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

நேரே உங்கள் கடைக்கு வந்தேன். சாயங்காலக் கூட்டம். மேட்சிங் லேஸுக்காக நான்கைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். நீங்கள் என் முகத்தைப் பார்த்ததுமே கத்தரியைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"ஏன் பாய் சொல்லலை?"

"உள்ள வாங்க சார்."

"இங்கயே சொல்லுங்க. எனக்கு ஏன் சொல்லலை?"

நீங்கள் ஜிப் கட்டு ஒன்றை எடுத்துக் காரணமில்லாமல் பிரித்தீர்கள். மறுபடி கட்டினீர்கள். "இன்னா சொல்ல சொல்றீங்க? ரெண்டு பேரும் ஒண்ணாதான் ஆரம்பிச்சோம். ஒரே வெண்ண, ஒரே காலிஃப்ளவரு. எம் பையன் எழுந்து ஸ்கூலுக்குப் போறான். பாப்பா வுழுந்துகினே கீது. அத்த வச்சிகினு உங்க மூஞ்சிக்கு நேரா எப்டி சார் சந்தோஷப்பட்றது?"

சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே சந்தோஷம்தான் பாய், அதில் சந்தேகமில்லை. அதோடு, ஏன் என் பெண்ணுக்கு இல்லை என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்க முடியும் என்று இன்றும் விளங்கவில்லை. கடைசியில் நான் கேட்டது என்ன தெரியுமா? "இர்ஃபான் என்ன கிளாஸ்ல சேர்ந்திருக்கான்?" என்று. நீங்கள் சொன்னீர்கள். ஒரு பெண், "அண்ணா, இந்தக் கலர் இருக்கா இல்லையா?" என்று குரல் கொடுத்தாள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவளுக்கு லேஸ் வெட்டிக் கொடுத்தீர்கள்.

அடுத்த மாதம் நிலாவுக்கு டயட்டை நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். "நீங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுட்டீங்க. சில குழந்தைகளுக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. யாருக்குக் கேக்கும்னு முன்கூட்டியே சொல்ல எங்ககிட்ட வழி இல்லை" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும் என்றார். அப்படியே மாற்றினோம். அவளுக்கு ரசம் சாதம் கொடுக்கலாம் என்ற நாள் வந்தபோது உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் இர்ஃபானைக் கூட்டிவராமல் தனியாக வந்தீர்கள். அவன் பார்த்தால் கேட்பான், பாவம்.

சுதா தட்டை வைத்தாள். நிலா சோற்றைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், யாரோ தட்டை எடுத்துவிடுவார்கள் என்பதுபோல இரண்டு கையாலும் தட்டை அணைத்துக்கொண்டாள். பிறகு சாப்பிட்டாள். அவள் அவ்வளவு வேகமாக எதையும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மூக்கிலும் கன்னத்திலும் பருக்கை. நடுவில் நிமிர்ந்து, "பாய், சோறு" என்று உங்களுக்கு ஒரு கவளம் நீட்டினாள். அவளுக்கு வார்த்தைகளே கொஞ்சம்தான். அவற்றில் இரண்டு அன்று உங்களுக்குக் கிடைத்தன. நீங்கள் வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து நானும் வந்தேன். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். நாங்கள் தோற்றுப்போன நாளா அது, விருந்து நாளா? நீங்கள் எதற்காக அழுதீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நிலா பாபியின் பெண்ணோடு விளையாடுவாள். நாம் இர்ஃபானுக்கு வாரம் முழுவதற்கும் வேண்டியதை நிறுத்துப் பிரித்து வைப்போம். நீங்கள் எவ்வளவு கறாராக இருந்தீர்கள். ஒருமுறை பெருநாளன்று உங்கள் வீட்டுக்கு வந்த யாரோ அவன் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட, நீங்கள் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தீர்கள். அவன் அழவில்லை. "நான் சாப்டல அப்பா, சும்மா வச்சிகினு இருந்தேன்" என்றான். உங்கள் வீட்டு 'அப்பா'வும் எங்கள் வீட்டு 'அப்பா'வும் எழுதினால் ஒன்றுதான். சொல்லும்போது 'பாய்' என்பதில் வரும் அழுத்தமான 'பா' அவன் வாயில் வரும், அதில்தான் அவன் உருதுக்காரன் என்று தெரியும். அன்று நீங்கள் அவனைவிட அதிகமாக உடைந்துபோனீர்கள். அன்று பிரியாணிப் பக்கமே நீங்கள் போகவில்லை.

அடுத்த வருஷக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நீங்கள் லேஸ் சுருள்கள் மேல் சாய்ந்திருக்கிறீர்கள். தூங்குகிறீர்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் நினைத்திருக்கிறார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. உங்களுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அன்று மாலையே அடக்கம். கூட்டத்தில் தோள் கொடுத்தவர்களில் நானும் இருந்தேன். என் தோளில் இருப்பது நீங்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நாளை மறுநாள் ஞாயிறு, காலிஃப்ளவர் வாங்க வேண்டும் என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று அக்கம்பக்கத்திலிருந்தும் உறவிலிருந்தும் சாப்பாடு வந்தபடி இருந்தது. பாபி ஒரு அறைக்குள் இருந்தார். இர்ஃபானைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான், நீங்கள் இல்லை. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து யாரோ பரிமாறியிருக்கிறார்கள். இர்ஃபானும் உட்கார்ந்திருக்கிறான். சோறு, குழம்பு, மறுநாள் பரோட்டா, மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதிய பிறகு பிரியாணி. அவனுக்கு ஒன்பது வயது. பசித்த பிள்ளை, அதுவும் அப்பா போன பிள்ளை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

பாபியின் அண்ணன் எனக்குப் போன் செய்தார். உடம்பில் கீட்டோன் இருக்கிறதா என்று சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் எப்போதும் ஊதா நிறத்துக்கு மாறும், இன்று மாறவே இல்லை, தங்கச்சி அழுகிறாள் என்றார். ஓடினேன். பாபி இத்தாவில் இருந்தார். கணவர் இறந்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு வெளி ஆண்கள் முன்னால் வராமல் வீட்டோடு இருக்கும் வழக்கம் எனக்குத் தெரியும். பாதி சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, "சார், அவன காப்பாத்துங்க சார்" என்ற குரல் மட்டும் வந்தது. இர்ஃபானைக் கூட்டிக்கொண்டு நானும் அவருடைய அண்ணனும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவில் அவன் என் மேல் சாய்ந்திருந்தான். எந்த நிமிஷமும் அவன் கைகால் இழுக்கத் தொடங்கும் என்று நான் காத்திருந்தேன்.

இழுக்கவில்லை, பாய். அன்று இழுக்கவில்லை. சேர்த்துக்கொண்டு கவனித்தார்கள், அப்போதும் இழுக்கவில்லை. டாக்டரம்மா அவனுடைய மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார். முன்பைவிட எவ்வளவோ தெளிவாக இருந்தது. "இப்படித் திடீர்னு நிறுத்தினது ரொம்ப ஆபத்து. யாரும் இப்படிச் செய்யவே கூடாது. ஆனா நானே இன்னும் கொஞ்ச நாள்ல டயட்டைக் குறைக்கலாம்னு அவங்க அப்பாகிட்ட சொல்றதா இருந்தேன். மறுபடி பழைய கணக்குக்குக் கொண்டுபோக வேண்டாம், கவனமாப் பாத்துக்கலாம்" என்றார். அவன் மருந்தைத் தொடர்ந்தான். வாரங்கள் போயின, மாதங்கள் போயின. இன்றுவரை அவனுக்கு வரவில்லை.

நான் டாக்டரம்மாவைக் கேட்டேன். "அப்ப அவன் எப்பவோ குணமாயிட்டானா? டயட்தான் குணமாக்கிச்சா? இல்ல, தானா சரியாகியிருக்குமா?"

"டயட் உதவியிருக்கும்னு நான் நம்புறேன். நடுவுல ஒரு மருந்தையும் மாத்தினோம். வயசும் ஆச்சு. இதுல எது எவ்வளவு செஞ்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது, சார்."

ஒரு ஆய்வுக்கூடத்தில் மூன்று பொருளை ஒரே குடுவையில் ஊற்றிவிட்டு எது வினைபுரிந்தது என்று கேட்கும் மாணவனை நான் திட்டியிருப்பேன். இங்கே யாரைத் திட்டுவது?

இர்ஃபானை டிஸ்சார்ஜ் செய்து கூட்டிவந்த அன்று, பாபியின் அண்ணன் வண்டிக்காகக் காத்திருந்த இடத்தில் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். டெய்லி பையனோட சேந்து வெண்ண வெண்ணயா துன்னாரு. அதான் மச்சானுக்கு நெஞ்ச அடச்சிடுச்சு. எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லமாட்றாங்க." அவர் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. இர்ஃபான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவன் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அவரையும் சாப்பிடச் சொல்லி நாங்க சொல்லலை. அவரைப் பரிசோதிக்கவும் இல்லை. அவர் அப்பாவும் சின்ன வயசுலயே நெஞ்சுவலியில போனவர்னு ஒருதடவை சொன்னார். தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லணும்" என்றார்.

இதுதான் பாய் என் தலைக்குள் அவிழாமல் கிடப்பது. என் பெண்ணுக்கு அந்த வெண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் பையனைக் காப்பாற்றியதா, இல்லையா? உங்களைக் கொன்றதா, இல்லையா? இரண்டுக்கும் பதில் இல்லை. நான் எந்தப் பக்கம் நின்று யோசித்தாலும் மறுபக்கம் இருட்டாக இருக்கிறது. அது அவனைக் காப்பாற்றியது என்று வைத்துக்கொண்டால் உங்கள் மேல் பெருமை பொங்குகிறது. அது உங்களை எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொண்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வேறு மாதிரி ஆகிவிடுகின்றன. காலையில் ஒன்றை நம்புகிறேன், மாலையில் இன்னொன்றை.

இத்தா முடிந்த பிறகு பாபி ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். சுதா காபி கொடுத்தாள். அவர் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு சோறு துன்னும் ஒண்ணும் ஆவல. அப்டின்னா அதுக்கு முன்னாடியே குடுத்திருக்கலாம் இல்ல? அவரு பிஸ்கட்ட புடுங்கி வுட்டெறிஞ்சாரே. பையன் ஆசையா கேட்டப்பல்லாம் இல்ல இல்லன்னாரே. அவரு பட்ட கஷ்டம் எல்லாம் சும்மாவா சார்?"

சுதா என்னைப் பார்த்தாள். ஒரு பதில் சொல்லிவிடு என்று அவள் கண் கெஞ்சியது. பொய்யாகவாவது. எனக்கு வரவில்லை. "தெரியலம்மா" என்றேன். பாபி தலையை ஆட்டினார். "அவன் பிரியாணி துன்றத அவரு ஒரு தடவயாவது பாத்திருக்கலாம்" என்றார். பிறகு காபியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது, மாற்றித் தருகிறேன் என்று சுதா சொல்லியும் அவர் கேட்கவில்லை.

இர்ஃபான் இப்போது வளர்ந்துவிட்டான். சாந்தோம் பக்கம் கடற்கரையில் பந்து ஆடுகிறான். மீசை வருமா என்று என்னிடம் கேட்கிறான். அவனுக்குப் பனீர் பிடிக்காது, கண்ணாலேயே பார்க்கமாட்டான். உங்களைப் பற்றி அவனாக ஒன்றும் கேட்பதில்லை. ஒருமுறை மட்டும் கேட்டான். "அங்கிள், அப்பா எங்கூட சேந்து அத்தல்லாம் சாப்ட்டது அவருக்குப் புடிச்சுதா?" பிடித்தது என்றேன். அதை மட்டும் தயங்காமல் சொன்னேன். நிலாவுக்கு வேறு ஒரு மருந்து வந்திருக்கிறது. விழுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வார்த்தைகள் கூடியிருக்கின்றன. உங்களைக் கேட்கிறாள். போய்விட்டார் என்று சொன்னால், "கடைக்கா?" என்கிறாள். ஆமாம் என்கிறோம்.

போன வாரம் நிலாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். வெளியே பெஞ்சில் ஓர் இளம் அம்மா உட்கார்ந்திருந்தார், மடியில் தூங்கும் பிள்ளை. டயட் தொடங்கலாம் என்று அன்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். முகம் வெளிறியிருந்தது. டயட்டீஷியன் என்னைக் கைகாட்டியிருக்க வேண்டும். எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், உங்களுக்கு இதைப் பத்தித் தெரியும்னாங்க. இது வேலை செய்யுமா?"

நான் சொன்னேன். ஒரு குழந்தைக்குக் கேட்டது, ஒரு குழந்தைக்குக் கேட்கவில்லை. டாக்டரைக் கேட்காமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. முதல் மாதம் கஷ்டமாக இருக்கும். தனியாகச் செய்யாதீர்கள், யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஆசைக்குக்கூட அதைச் சேர்ந்து சாப்பிட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

அவர் நிலாவைப் பார்த்தார். அன்று அவள் ஹெல்மெட் போடவில்லை. நன்றாகச் சிரித்துக்கொண்டு, அவர் புடவை முந்தானையில் இருந்த குஞ்சத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு குழந்தைன்னீங்களே சார். இதுல உங்க குழந்தை எது? நல்லானதா, ஆகாததா?"

சுலபமான கேள்விதான். நிலா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள்.

"ரெண்டும்தாம்மா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. திருத்திச் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து நிலாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். நான் சொன்னது எனக்கே முழுசாகப் புரிந்ததா என்று தெரியவில்லை, பாய். ஆனால் திருத்திச் சொல்லத் தோன்றவில்லை.